ஃபர்ஜானியின் வேலி

எங்கள் தீவில் ஃபர்ஜானியிடம் ஊசி போட்டுக்கொண்ட எல்லோருக்கும் பிரபஞ்சம் உண்டான கதை தெரியும்.

ரம்லா ஊர் மருந்தகத்தில் அவர் கம்பவுண்டர். மரியாதைக்கு 'சி' சேர்த்து சி ஃபர்ஜானி என்று கூப்பிடுவோம். கை லேசு, குத்தியதே தெரியாது. ஆனால் குத்திய பிறகு விடமாட்டார். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, குப்புறப் படுத்திருப்பவர் எழுந்து ஓட முடியாத அந்த நேரமாகப் பார்த்து ஆரம்பிப்பார்.

"எல்லாம் வெடிச்சு உண்டாச்சுன்னு சொல்றாங்க. வெடிக்கவே இல்ல. வத்திச்சு."

"எது வத்திச்சு, சி ஃபர்ஜானி?"

"கடல்தான். நம்ம கடல் இல்ல, பெரிய கடல். முதல்ல எங்க பார்த்தாலும் நிறைஞ்சு கிடந்துச்சு. அப்புறம் வத்த ஆரம்பிச்சுது. இன்னும் வத்திக்கிட்டே இருக்கு. நட்சத்திரக் கூட்டமெல்லாம் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகிப் போகுதுங்கறாங்களே, அது வேற என்ன?"

படுத்திருப்பவர் என்ன சொல்வார்? "நல்லாத்தான் இருக்கு" என்பார். எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும் என்று வாழ்த்திவிட்டு வெளியேறுவார். ஃபர்ஜானி அந்த வாழ்த்தைத் துடைத்த பஞ்சைப்போலத் தூக்கிப் போடுவார். அவருக்கு வேண்டியது அது இல்லை.

அவருடைய கருத்து பிறந்தது மனைவி மன்னூபியாவின் கடலில். எங்கள் தீவான கெர்கெனாவில் நிலத்தைப் போலவே கடலுக்கும் பங்கு உண்டு. அப்பனுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைக்கும் சேர்த்து, வரும். ஃபர்ஜானி பஸ் டிரைவரின் மகன், ஒரு முழம் கடல்கூட இல்லாதவர். மன்னூபியாவுக்கு அவள் அப்பா வழியில் ஒரு துண்டு வந்திருந்தது. கல்யாணமான முதல் இலையுதிர் காலத்தில், மட்டை நடும் நாளில், புது மாப்பிள்ளையைப் படகில் ஏற்றிக் கூட்டிப்போனாள். எங்கள் கடல் இடுப்பளவுதான். மைல் கணக்கில் நடந்தே போகலாம். அவளுடைய ஆட்கள் பேரீச்ச மட்டைகளைச் சேற்றில் நட்டு, கரையிலிருந்து ஆழத்தை நோக்கி நீளமாக ஒரு வேலி போட்டார்கள். வேலியின் முடிவில் கூடு. கடல் வற்றும்போது மீன் ஆழத்தைத் தேடிப் போகும், வேலியில் முட்டும், தாண்டத் துணியாமல் அதை ஒட்டியே போய்க் கூட்டுக்குள் விழும்.

மறுநாள் கடல் ஏற்றத்தில் மட்டைகள் முழுகிவிட்டிருந்தன. ஃபர்ஜானி படகின் விளிம்பில் குனிந்து, "வேலி எங்க?" என்று தேடினார்.

"வேலியைத் தேடாதீங்க. மீனைப் பாருங்க" என்றாள் மன்னூபியா.

மடவை மீன்கள் கோடு போட்டது போல வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

பல வருஷம் கழித்து, சாயங்காலம் ஒரு பத்திரிகையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். பிரபஞ்சத்தின் படம். நட்சத்திரக் கூட்டங்கள் இறைத்துவிட்டது போல இல்லை. இழை இழையாக, வரிசை வரிசையாக நின்றன. நடுவில் ஒன்றுமே இல்லாத பெரிய வெளிகள். அவற்றையெல்லாம் கட்டிப் பிடித்திருப்பது கண்ணுக்குத் தெரியாத இருண்ட பொருள் என்றும், அது இன்னதென்று யாருக்கும் தெரியவில்லை என்றும் கீழே எழுதியிருந்தது.

"மன்னூபியா, உன் வேலி!" என்றார் அவர், மூச்சு வாங்க. "பொருள் பொருள்னு தேடுறாங்க. கிடைக்குமா? அது சரக்கே இல்ல. வேலி. போன ஏத்தத்துல யாரோ நட்டு, தண்ணி வத்தின பிறகும் நிக்கிற வேலி. மீனெல்லாம் அதை ஒட்டி நிக்குது, அவ்வளவுதான்."

அன்றைக்குப் பார்லிக் கஞ்சி ஆறிப்போனது. அதற்குப் பிறகும் பல நாள் ஆறியது. கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் உட்கார்ந்து அவர் சொல்லிச் சொல்லிப் பார்த்ததைக் கேட்டே அவளுக்கு எல்லாம் மனப்பாடம்.

தீவில் கேலிக்குப் பஞ்சமில்லை. முதல் ஆள் சொந்தத் தம்பி ஹேதி. துறைமுகத்தில் காபிக்கடை வைத்திருந்தான். அண்ணன் கடைக்குள் காலெடுத்து வைத்ததுமே, "வாங்க வாங்க, வானத்துக்கு எத்தனை மட்டை வேணும்னு கணக்குப் பார்த்தாச்சா? சொன்னீங்கன்னா தீவு மரத்தையெல்லாம் மொட்டையடிச்சுடலாம்" என்பான். சீட்டாடுகிறவர்கள் சிரிப்பார்கள். ஃபர்ஜானியும் சிரிப்பார். கேலி அவரைத் தொட்டதில்லை. அவரைப் புண்படுத்தியது மரியாதைதான். தலைநகர் தூனிஸ், கடலுக்கு அக்கரை ஸ்ஃபாக்ஸ் என்று எத்தனையோ பேராசிரியர்களுக்கு எழுதினார். பதில் வந்தவரைக்கும் எல்லாம் ஒரே பதில்: உங்கள் ஆர்வம் பாராட்டத்தக்கது.

"ஜுரம்னு வர்றவன்கிட்ட 'உங்க ஜுரம் பாராட்டத்தக்கது'ன்னா நான் சொல்றேன்?" என்று மன்னூபியாவிடம் பொருமுவார். "சரின்னு சொல்ல வேணாம். தப்புன்னாவது சொல்லட்டும். ஆனா எந்த இடத்துல தப்புன்னு சொல்லணும். ஒருத்தன், ஒரே ஒருத்தன்."

கடைசியில் ஸ்ஃபாக்ஸ் வானியல் மன்றம் அவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலைக் கொடுத்தது. தூனிஸ் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் இயற்பியல்காரர் விருந்தினராக வருகிறார். அவருக்கு முன்னால் இருபது நிமிஷம் பேசலாம் என்றார்கள். ஃபர்ஜானி புதுச் சட்டை தைக்கக் கொடுத்தார். சட்டை தைத்து வருவதற்குள், ஜனவரிக் குளிரில், மருந்தகத்தில் ஒரு பெரியவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். பெரியவர் எழுந்து அவரைத் தாங்கிப் பிடித்தார். பிடித்துப் பயனில்லை.

அந்த ஞாயிறு நெருங்கியபோது மன்றத் தலைவர் சி துஹாமி மன்னூபியாவுக்குப் போன் செய்தார். மருந்துக்கடை நடத்தி ஓய்வு பெற்றவர், இனிமையான குரல், பெண்களை மரியாதையாக 'லல்லா' என்றுதான் கூப்பிடுவார்.

"லல்லா மன்னூபியா, அந்த நாளை நாங்க விட்டுடல. நாற்பதாம் நாள் நினைவுக் கூட்டமாவே நடத்தறோம். குர்ஆன் ஓதி ஆரம்பிக்கறோம். நாலு பேர் பேசறாங்க. உங்களுக்கு ஒரு கேடயம் தர்றோம். நீங்க வந்து உட்கார்ந்தா போதும்."

"அவரோட பேச்சு?"

"அதைப் பத்தித்தான் எல்லாரும் பேசப்போறாங்களே."

"தூனிஸ்லேர்ந்து வர்றவங்க வர்றாங்களா?"

"டாக்டர் வஹீபாதானே? வர்றாங்க. முன்வரிசையில உட்காருவாங்க."

"அப்போ நானும் வரேன்" என்றாள் மன்னூபியா.

ஹேதி துணைக்கு வந்தான். வெறுங்கையோடு போகக்கூடாது என்று, உலர்த்திய பேய்க்கணவாய்கள் இரண்டை எட்டுக் காலும் மடக்கிப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டான். கப்பலில் மேல்தட்டு முழுக்க அந்த வாடைதான்.

"ஹேதி, இதைக் கொண்டுபோய் யாருக்குக் கொடுக்கப்போற?"

"தலைவருக்கு. அண்ணனைப் பத்தி நாலு நல்ல வார்த்தை பேசறாரே, சும்மாவா?"

"நல்ல வார்த்தைக்காக நான் போகல."

"பின்ன எதுக்கு அண்ணி?"

"கெட்ட வார்த்தைக்கு."

ஹேதி அவளை ஏற இறங்கப் பார்த்தான். துக்கத்தில் இருப்பவர்கள் ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்திருப்பான். கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

கலாச்சார மன்றத்தின் சின்ன அரங்கு நிரம்பியிருந்தது. மேடையில் ஃபர்ஜானியின் படம். மருந்தக அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். பெரிதாக்கியதில் அவர் யாரோ அதிகாரி போல இருந்தார். ஓதி முடித்ததும் பேச்சு ஆரம்பித்தது. முதலில் பேசியவர் ஃபர்ஜானியைத் தீவின் அறிவுச்சுடர் என்றார். அடுத்தவர், மேற்கத்தியர்கள் தேடித் தவிப்பதை நம் மண்ணின் மைந்தர் கண்டுபிடித்துவிட்டார் என்றார். எதைக் கண்டுபிடித்தார் என்று சொல்லவில்லை. மூன்றாமவர் வேலியைக் கடலில் போடுகிற வலை என்றார். மன்னூபியாவுக்குச் சுருக்கென்றது. வலை வேறு, வேலி வேறு. வலை மீனைத் துரத்திப் போகும். வேலி நின்ற இடத்தில் நிற்கும். அந்த வித்தியாசத்தின் மேல்தானே மனுஷன் பிரபஞ்சத்தையே நிறுத்தியிருந்தார்!

நான்காமவர் எழுவதற்குள் அவள் எழுந்துவிட்டாள்.

"அண்ணி, கேடயம் கடைசியில" என்று ஹேதி மேல்துணியைப் பிடித்தான்.

அவள் உதறிவிட்டு மேடையேறினாள். பயம் இருந்ததாகத் தெரியவில்லை. அறுபது வயது வரை கடலில் இறங்கி மட்டை நட்ட கால்கள். அரங்கத்துப் படி அவற்றுக்கு ஒரு பொருட்டா? ஓரமாக இருந்த வெள்ளைப் பலகையை இழுத்து நடுவில் வைத்தாள். பேனாவை எடுத்து ஒரு நீளக் கோடு போட்டாள்.

"இது வேலி" என்றாள். "வலை இல்ல."

பிறகு கஞ்சி ஆற ஆறக் கேட்டதையெல்லாம் சொன்னாள். அலங்காரமில்லாமல் சொன்னாள். பெரிய கடல் நிறைந்திருந்தது, வற்றியது, வேலிகள் மட்டும் நின்றன, நட்சத்திரக் கூட்டங்கள் வேலியை ஒட்டிக்கொண்டன, நாம் வேலியைப் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்க்கிறோம். ஒவ்வொரு கூட்டத்திலும் ஓரத்து நட்சத்திரங்கள் வேகமாகச் சுற்றியும் சிதறாமல் இருப்பது ஏன்? வேலி சிதறவிடாது. இருண்ட பொருளை இத்தனை கருவி வைத்தும் ஏன் பிடிக்க முடியவில்லை? அது பிடிபடுகிற பொருளே இல்லை. முதல் என்று ஒன்று உண்டா? இல்லை, இந்த வற்றத்துக்கு முன்னால் ஓர் ஏற்றம், அதற்கும் முன்னால் ஒரு வற்றம். இவ்வளவுதான். இருபது நிமிஷம் தேவைப்படவில்லை.

கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சி துஹாமி கேடயத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வேணாம், அதை வைங்க" என்றாள் மன்னூபியா. "நான் ஒண்ணு கேட்கத்தான் வந்தேன். இதுல எந்த இடம் தப்பு?"

கைதட்டியவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள்.

"லல்லா," சி துஹாமி குரலைத் தாழ்த்தினார், "மவுத்தானவங்களைப் பத்தி நல்லதைத்தான் பேசணும். நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். நல்லவர்னு சொன்னீங்க, கேட்டுக்கிட்டேன். அல்லாஹ் உங்களுக்குக் கூலி கொடுக்கட்டும். ஆனா மவுத்தானது அவரு. அவரோட கருத்து இன்னும் மவுத்தாகல. அதுக்கும் சேர்த்து ஃபாத்திஹா ஓதாதீங்க."

"இன்னைக்குப் போய் யாரு குறை சொல்லுவாங்க? வேற ஒரு நாள்..."

"அவர் இருந்தவரைக்கும் 'பாராட்டத்தக்கது'ன்னு சொன்னீங்க. செத்த பிறகு 'அறிவுச்சுடர்'ங்கறீங்க. நடுவுல ஒருத்தர்கூட அவரோட சண்டை போடல. அவரு கேட்டது சண்டைதான்." மன்னூபியா முன்வரிசையைப் பார்த்தாள். அங்கே கண்ணாடி போட்ட, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருத்தி மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தாள். "டாக்டர் வஹீபா நீங்கதானே? நீங்க சொல்லுங்க மகளே."

வஹீபா எழுந்தாள். "அம்மா, இது ரொம்ப அழகான கற்பனை. அதுல ஒரு கவிதை..."

"கவிதை அவருக்கு வராது. சரியா, தப்பா?"

வஹீபா ஒரு கணம் தரையைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். நிமிர்ந்தபோது முகத்திலிருந்த இரக்கம் போய்விட்டிருந்தது. மன்னூபியாவுக்கு அந்த முகம் பிடித்தது.

"தப்பு" என்றாள் வஹீபா.

பின்வரிசையில் யாரோ "அஸ்தஃபிருல்லாஹ்" என்று அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டார். ஹேதி நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான்.

"எந்த இடத்துல?"

"வேலி நிக்குதுன்னு சொன்னீங்களே, அந்த இடத்துல. நிக்கல. போகுது."

வஹீபா மேடைக்கு வந்து தன் கணினியைத் திரைக்கு இணைத்தாள். ஒரு படம் வந்தது. கறுப்பில் நட்சத்திரக் கூட்டங்கள்; நடுவில் சிவப்பாக இரண்டு புகைத் திட்டுகள்; அவற்றுக்கு வெளியே இரு பக்கமும் நீலமாக இரண்டு.

"நட்சத்திரக் கூட்டங்களே சேர்ந்த ரெண்டு பெரிய கூட்டம் நேருக்கு நேர் மோதியிருக்கு. ஒவ்வொண்ணுலயும் நட்சத்திரங்களும் இருக்கு, நட்சத்திரங்களுக்கு நடுவுல சூடான வாயுவும் இருக்கு. மோதுனப்போ வாயுவும் வாயுவும் முட்டிக்கிட்டு நடுவுலயே பின்தங்கிடுச்சு. அதுதான் சிவப்பு. நட்சத்திரங்களுக்கு நடுவுல நிறைய இடைவெளி, அதனால முட்டாம அந்தப் பக்கம் போயிடுச்சு."

"நீலம்?"

"நீலம்தான் உங்க வேலி. எடை இருக்கற இடத்துல, பின்னாடியிருந்து வர்ற வெளிச்சம் வளையும். எங்க வளையுதுன்னு அளந்து பார்த்து நீலம் பூசியிருக்காங்க. நடுவுல இல்ல பாருங்க. நட்சத்திரங்களோட சேர்ந்து அதுவும் அந்தப் பக்கம் போயிடுச்சு."

மன்னூபியா திரைக்குப் பக்கத்தில் போனாள். ஏற்ற நாளில் படகிலிருந்து குனிவது போலக் குனிந்து பார்த்தாள்.

"அந்த எடை நட்சத்திரங்களோட சொந்த எடையா இருக்கக்கூடாதா?"

"கேட்க வேண்டிய கேள்வி. இருக்க முடியாது. நட்சத்திரங்களைவிட வாயுவுக்குத்தான் எடை பல மடங்கு ஜாஸ்தி. கண்ணுக்குத் தெரியறது மட்டும்தான் எடைன்னா, சிவப்பு மேலதான் வெளிச்சம் அதிகமா வளையணும். வளையல."

"சரி. அங்க ஏற்கெனவே வேற வேலி இருந்திருந்தா? மோதின மீன் பழைய வேலியை விட்டுட்டு, அந்தப் பக்கம் இருந்த வேலியில போய் ஒட்டியிருந்தா?"

வஹீபா சிரித்தாள். அன்று அதுவரை அந்த அரங்கில் யாரும் சிரித்திருக்கவில்லை. "அப்படின்னா விட்டுட்டு வந்த பழைய வேலி எங்க? மீனே இல்லாம, காலியா, எங்கயாவது நிக்கணும். அங்கயும் வெளிச்சம் வளையணும். அப்படியொரு காலி வேலி இந்தப் படத்துல இல்லவே இல்ல. இது ஒண்ணு மட்டும் இல்லம்மா. இந்த மாதிரி மோதல் இன்னும் நிறைய பார்த்திருக்காங்க. கிட்டத்தட்ட எல்லாத்துலயும் அது கூடவேதான் போகுது."

மன்னூபியா யோசித்தாள். காலி வேலி அவளுக்குத் தெரியாததில்லை. புயல் அடித்து, மீன் தடம் மாறிப்போனால், வாரக் கணக்கில் வேலி சும்மா நிற்கும். எங்கள் கடலில் காலி வேலிகள்தான் அதிகம். அத்தனை பெரிய வானத்தில் ஒன்றுகூட இல்லை என்றால்? மீனோடு சேர்ந்து நகருகிற வேலி என்று ஒன்றை அவள் கண்டதில்லை. சேற்றிலிருந்து பிடுங்கிக்கொண்டு மிதக்கிற மட்டையைக் கண்டிருக்கிறாள். அதை யாரும் வேலி என்று சொல்லமாட்டார்கள். குப்பை என்பார்கள், கரையில் இழுத்துப் போட்டு அடுப்புக்கு எடுத்துப்போவார்கள்.

"நகர்ந்தா அது வேலி இல்ல" என்றாள்.

"ஆமாம்மா."

"அப்போ தப்புதான்."

அவள் அதைச் சொன்னபோது முன்வரிசையில் இருந்த ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். மன்னூபியா அழவில்லை. அவளுக்கு நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினது போல இருந்தது.

"இந்தப் படம் எப்ப எடுத்தது?"

வஹீபா தயங்கினாள். "பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு."

பத்து வருஷம். அதற்குள் எத்தனை பேருக்கு எழுதியிருப்பார்! இந்தப் படத்தை மடித்து ஓர் உறையில் போட்டு அனுப்பியிருந்தால் போதுமே. ஒரு நாள் சாப்பிடாமல் இருந்திருப்பார். கதவைச் சாத்திக்கொண்டிருப்பார். மறுநாள் காலையில், ஊசிக்கு வந்தவரைக் குப்புறப் போட்டுக்கொண்டு, "நான் தப்பாச் சொல்லிட்டேன், எந்த இடத்துலன்னு கேளுங்க" என்று ஆரம்பித்திருப்பார். அந்தக் காலையை அவருக்கு யாரும் தரவில்லை. கோபம் வந்தது, வந்து நிற்காமல் போயிற்று. எதிரில் நின்றவள்தான் கடைசியில் அந்த வேலையைச் செய்தவள்.

"வத்துறதுன்னு சொன்னாரே, அது?" என்று கேட்டாள்.

"அதுக்கு என்கிட்ட படம் இல்ல. வெடிப்புங்கற வார்த்தை எங்களுக்கும் அவ்வளவு சரியில்லைதான். ஒரு இடத்துல வெடிச்சு வெளிய சிதறல, எல்லா இடமும் சேர்ந்தே விரிஞ்சுது. முன்னாடி இன்னொரு பிரபஞ்சம் சுருங்கியிருக்கலாம்னு நினைக்கிறவங்களும் இருக்காங்க, நிரூபணம் இல்ல. ஆனா அவர்கிட்ட ஒரு கேள்வி கேட்டிருப்பேன். உங்க கடல் வத்துனா தண்ணி ஒரு பக்கமாத்தானே போகும், ஆழத்துக்கு? இங்க எங்கிருந்து பார்த்தாலும் எல்லாம் எல்லா பக்கமும் விலகிப் போகுது. அப்போ ஆழம் எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்விக்குக் கஞ்சிக் கிண்ணத்தின் முன் பதில் இருந்ததில்லை. யாரும் கேட்டிருந்ததில்லையே.

"எனக்குத் தெரியாது மகளே. அவரைத்தான் கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்" என்றாள் வஹீபா.

மூன்றாவதாகப் பேசியவர் கைதூக்கி, வாயு ஏன் முட்டுகிறது, நட்சத்திரம் ஏன் முட்டுவதில்லை என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். நினைவுக் கூட்டம் எப்போது முடிந்தது, மன்றக் கூட்டம் எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் தெரியவில்லை. நான்காவது பேச்சாளர் தன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சி துஹாமி கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு, கடைசியில் தாமும் ஒரு கேள்வி கேட்டார். ஃபர்ஜானியின் படத்தை மறைத்துக்கொண்டு திரை தொங்கியது. அதை யாரும் நகர்த்தவில்லை. அவருக்கும் அதுதான் பிடித்திருக்கும்.

திரும்பும் கப்பலில் ஹேதி துறைமுகம் மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பொட்டலத்தையும் யாருக்கும் கொடுக்காமல் திருப்பிக் கொண்டுவந்திருந்தான். கப்பல் நடுக்கடலுக்கு வந்ததும் வெடித்தான்.

"அந்தப் பொம்பளைக்கு என்ன துணிச்சல்! மவுத்தான மனுஷனை, அவரு படத்துக்கு முன்னாடியே நின்னு தப்புங்கறா!"

"நான்தான் கேட்டேன்."

"நீங்க கேப்பீங்க. அவ சொல்லலாமா? அண்ணன் தப்புன்னு சொல்றதுக்கு அவ யாரு?"

"நீ முப்பது வருஷமாச் சொன்னியே, ஹேதி."

"நான் தம்பி! நான் சொல்லுவேன். என் கடையில, என் காபியைக் குடிச்சுக்கிட்டு இருக்கறவரை நான் என்ன வேணா சொல்லுவேன். அவ என் அண்ணனோட ஒரு காபி குடிச்சிருப்பாளா?" பக்கத்து இருக்கையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஹேதி அவரையும் சேர்த்துக்கொண்டான். "நீங்களே சொல்லுங்க. வேலி நகருதாம்! சேறு இளகலா இருந்தா வேலி நகராதா? தெற்குக் காத்துல என் மாமனார் வேலி மொத்தமா ஒரு பக்கம் சாயல?"

"சாஞ்சது. மீன் விழுந்துச்சா?" என்றாள் மன்னூபியா.

"அது... அந்த வருஷம் மீனே கம்மி."

"விழல. ஹேதி, அவ சொன்னது சரி. அது போகுது. போறது வேலி இல்ல."

"நீங்களுமா அண்ணி?" அவன் குரல் உடைந்தது. "அவரோட ஒண்ணே ஒண்ணு அதுதான். அதையும் அங்க வெச்சுட்டு வந்துட்டீங்களே."

அவன் அழுவதை அவள் அன்றுதான் பார்த்தாள். கப்ரில் மண் போட்டபோதுகூட அவன் பந்தல்காரனோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தடுக்கவில்லை. வலை பின்னுகிறவர் கண்ணியமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மேற்கே வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எதிரில் தீவு, எப்போதும்போல, நிலம் தெரியுமுன் பேரீச்ச மரங்களாக மட்டும் தெரிந்தது.

"வெச்சுட்டு வரல" என்றாள் மன்னூபியா. "அவருக்கு வேண்டியதை வாங்கிட்டு வந்திருக்கேன். எந்த இடத்துல தப்புன்னு இப்ப நமக்குத் தெரியும். அவருக்குத் தெரிஞ்சிருந்தா என்ன செஞ்சிருப்பாரு?"

ஹேதி புறங்கையால் மூக்கைத் துடைத்தான். "என்ன செஞ்சிருப்பாரு? ஒரு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு இருந்திருப்பாரு. மறுநாள் காலையில கடைக்கு வந்து, 'அது போகட்டும்டா, இப்ப வேற ஒண்ணு கேளு'ன்னு ஆரம்பிச்சிருப்பாரு."

"ஆமாம்."

"நானும், 'இந்தத் தடவை எத்தனை மட்டை?'ன்னு கேட்டிருப்பேன்."

"மட்டை வேணாம். மட்டைதான் தப்பாப் போச்சே."

ஹேதி சிரித்துவிட்டான், அழுகைக்கு நடுவில் வந்ததால் இருமலாக வந்தது. பொட்டலத்தைப் பிரித்து, பேய்க்கணவாயின் ஒரு காலைக் கிள்ளி அவளிடம் நீட்டினான். இன்னொன்றைத் தான் மெல்லத் தொடங்கினான். வலை பின்னுகிறவருக்கும் ஒன்று போயிற்று. காய்ந்த கணவாய் சீக்கிரத்தில் மசியாது. மூன்று பேரும் வெகுநேரம் மென்றார்கள்.

"சரி அண்ணி, வேலி இல்ல" என்றான் கடைசியில். "எல்லாத்தையும் கட்டிப் பிடிக்குது. கண்ணுக்குத் தெரியல. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போனாலும் முட்டாது. கூடவே போகுது. அப்போ அது என்னதான்?"

மன்னூபியா கடலைப் பார்த்தாள். ஏற்றம் ஆரம்பித்திருந்தது. கப்பலின் ஓரமாகத் தண்ணீர் ஒரே சீராகத் தீவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"முதல்ல, நகருறதா ஒண்ணு வேணும்" என்றாள். "அங்கேர்ந்து ஆரம்பி."